பத்தொன்பது விநாடி

முட்டை வெள்ளை பூசி இழைத்த சுவர்.
அதுதான் முதல் தொல்லை.
வியாழன் விழ வேண்டிய இடத்தில்
புரொஜெக்டரின் விளக்கே திருப்பி முறைக்கிறது.
புதுவயலில் ஒரு வலவை வாடகைக்குப் பிடித்து
பொது வானோக்கு நிலையம் என்று பலகை மாட்டியவர்கள்
இதை யோசித்திருக்க மாட்டார்கள்.
எட்டு முழ வேட்டி இரண்டை வாங்கி
கரையை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்தேன்.
அன்றிலிருந்து எங்கள் பிரபஞ்சத்தின் குறுக்கே
ஒரு தையல் ஓடுகிறது.

சனிக்கிழமை ஆறரைக்கு ஆட்கள் வருவார்கள்.
மேகம் என்றால் ஆவணப்படம்.
மேகம் இல்லையென்றாலும் முதலில் ஆவணப்படம்தான்,
இருட்டும் வரை உட்கார வைக்க வேண்டுமே.
தமிழில் குரல் கொடுத்தவருக்குத் தொண்டை பெரிது.
"பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு" என்று அவர் தொடங்கினால்
இடது ஸ்பீக்கரின் திருகாணி கிறுகிறுக்கும்.
சனியின் வளையத்துக்குள் காமிரா புகுந்து
பனிக்கட்டிகளை விலக்கிக்கொண்டு போகும்.
லைன்மேன் அடைக்கலம் ஒருநாள் கேட்டார்:
"இதைப் பிடிச்சவன் எங்க நின்னு பிடிச்சான்?"
கம்ப்யூட்டரில் வரைந்தது என்றேன்.
"அப்ப அதைச் சொல்லணும்ல."

அதைப் பார்த்த கண்ணுக்கு
மாடியில் உள்ள நிஜம் எடுபடுவதில்லை.
அரிசி மில்களின் உமித்தூசிக்கு அப்பால்
குன்றிமணி அளவில், குளிர் கண்டதுபோல் நடுங்கும் ஒன்று.
"இவ்வளவுதானா?"
இந்த ஒரு சொல்லை எத்தனை ராகத்தில் கேட்டுவிட்டேன்!
குனிய முடியாதவர்கள், எட்டாத பிள்ளைகள்,
கண்ணாடியைக் கழற்ற மறுப்பவர்கள்.
கடைசியில் கண்வில்லையை எடுத்துவிட்டு
அந்தத் துளையில் ஒரு சின்னக் காமிராவைச் செருகினேன்.
வயர் லேப்டாப்புக்கு, இன்னொரு வயர் புரொஜெக்டருக்கு.
வேட்டித் திரையை மாடிக்கே ஏற்றிக்
கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுக் கட்டினேன்.
காற்றடித்தால் சனி மூச்சு விடும்.

ஐப்பசியில், மழை இரண்டு நாள் ஒதுங்கிய ஒரு சனிக்கிழமை.
மாடியில் பதினைந்து பேர் இருக்கலாம்.
ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது.
திரை வெறும் வேட்டியானது.
யூ.பி.எஸ். மூன்று முறை கூவி அடங்கியது.
எல்லோரும் அடைக்கலத்தைப் பார்த்தார்கள்.
"எனக்கு இன்னைக்கு லீவு" என்றார் அவர்.

என் மடியில் லேப்டாப் மட்டும்
பேட்டரியில் விழித்திருந்தது.
தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் நின்றுபோனதை
நான் கவனிக்கவில்லை.
கவனித்தது பஞ்சவர்ணம்.
மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள்,
புருவத்தில் தவிட்டோடு என் தோள்மேல் குனிந்திருந்தாள்.
"ஏய், போகுது... போகுது, பிடி!"

சனி நகர்ந்துகொண்டிருந்தது.
நடுவுக்குச் சற்று மேலிருந்து
சாய்வாகக் கீழே, அவசரமில்லாமல்,
வளையம் கலையாமல்.
விளிம்பைத் தொட்டது. பாதியானது. இல்லை.

"யாரு தள்ளுனது?"
யாரும் தொடவில்லை.
விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்,
ஆவணப்படத்துக் குரல் எனக்கே ஒட்டியிருந்தது.
அதற்குள் அடைக்கலம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு,
யாருக்கும் சொல்லாததுபோல்,
"அது போகலை. நாமதான் போறோம்" என்றார்.
பக்கத்தில் நின்றவரும் சுவரைப் பிடித்தார்.
பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
சிரிப்பு வர அரை நிமிடம் ஆனது.

பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்.
பத்தொன்பது விநாடி.
ஓர் இருமல், அறந்தாங்கி பஸ்ஸின் ஹாரன்,
"பிடி" என்கிற ஒரு குரல்.

இப்போது மேகம் மூடிய சனிக்கிழமைகளில்
ஆவணப்படம் முடிந்ததும் அதைப் போடுகிறேன்.
வேட்டியின் தையலைத் தாண்டும்போது
சனி லேசாக மடங்கி நிமிரும்.
நாற்காலிகளில் இருப்பவர்கள் அது போகும் பக்கமே சாய்கிறார்கள்,
தாங்கிக்கொள்ளப் போகிறவர்கள்போல.

போன வாரம் பஞ்சவர்ணம் வந்திருந்தாள்.
"அது என் குரல் இல்லை" என்றாள்.
இன்னொரு தரம் போடச் சொன்னாள்.